மூன்று வளைவு மூக்கு

1

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, எங்கள் தமிழ்க் கழகத்தின் சுவரிதழுக்கு ஒரு கார்ட்டூன் வரைந்தேன். விடுதியில் மூன்று வாரமாகத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. அதே மூன்று வாரத்தில் விடுதி வாசலில் ஒரு வரவேற்பு வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ பிரமுகர் வருகிறாராம். நான் வரைந்தது இவ்வளவுதான்: வளைவின் உச்சியில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாய்க்கு டை, மூக்குக்கண்ணாடி. கீழே வாளிகளோடு மாணவர் வரிசை. குழாயிலிருந்து கொட்டுவது தண்ணீர் இல்லை, வண்ணக் காகிதத் துணுக்குகள்.

அந்தக் கண்ணாடி யாருடையது என்று பார்த்தவுடனே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலை பத்து மணிக்கு ஒட்டினோம். பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. யாரும் திட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள். உபகாரச் சம்பளம் பற்றி விசாரித்தார்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்கள். அது போதுமாக இருந்தது. நானே திரும்பிப் போய்க் கார்ட்டூனைப் பிரித்து எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கழகத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா அன்று மாலை சாப்பாட்டுக் கடையில் சொன்னார். “தம்பி, நீ ஏன் லாட் மாதிரி வரையக்கூடாது? எல்லாரும் சிரிப்பாங்க, யாருக்கும் கோவம் வராது. ஜூனார் மாதிரி வரைஞ்சுட்டு கேஸ், கோர்ட்டுன்னு அலையப் போறியா?”

அப்போது ஜூனார் மீது தேச நிந்தனைச் சட்டத்தில் ஒன்பது குற்றச்சாட்டுகள் நிலுவையில் இருந்தன. அக்கா என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். நானும் அந்த வாக்கியத்தை அப்படியே பிடித்துக்கொண்டேன். அதன்பின் பல வருடம், ‘நான் லாட் பக்கம்’ என்று சொல்லித் திரிந்தேன். நண்பர்களின் கல்யாண அட்டைக்கு மாப்பிள்ளை பெண் கேலிச்சித்திரம் வரைந்து கொடுத்தேன். இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் ‘பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்’ சுவரொட்டிக்கும் நான்தான் வரைந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை.

சென்ற வருடக் கடைசியில், ஈப்போவில் அப்பாவின் பழைய அலமாரியைக் காலி செய்யும்போது லாட்டின் ‘கம்போங் பாய்’ கையில் கிடைத்தது. நின்றபடியே படித்து முடித்தேன். அக்கா சொன்னது லாட்டைப் பற்றியும் சரியில்லை, ஜூனாரைப் பற்றியும் சரியில்லை என்று தோன்றியது. நான் பிடித்துக்கொண்ட அந்த வாக்கியம் எனக்கான ஒளிவிடம் மட்டும்தான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

2

லாட் என்ற முகமது நோர் காலிட் 1951-இல் பேராக்கின் கோப்பெங் அருகே ஒரு கம்பத்தில் பிறந்தவர். முதல் காமிக்ஸ் புத்தகம் வெளிவந்தபோது வயது 13. பினாங்குப் பதிப்பகம் ஒன்று அதற்கு 25 வெள்ளி கொடுத்தது. 1968-இல் ‘பெரித்தா மிங்கு’வில் ‘கெலுவார்கா சி மாமாட்’ தொடரைத் தொடங்கினார். கார்ட்டூனிஸ்ட் வேலை கிடைக்காமல் குற்றச் செய்தி நிருபராகக் கொஞ்ச காலம் ஓட்டினார். 1974-இல் ‘ஏசியா மேகசின்’ இதழில் சுன்னத்துச் சடங்கு பற்றி அவர் வரைந்தது வெளியான பிறகுதான் ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ அவரை முழுநேரக் கார்ட்டூனிஸ்டாக எடுத்துக்கொண்டது. 1979-இல் ‘கம்போங் பாய்’. 1981-இல் ‘டவுன் பாய்’.

இவற்றையெல்லாம் மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாட்டை நாம் படிப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறோம். நாட்காட்டி, தபால்தலை, விமானத்தின் உடல், துரித உணவுக்கடை விளம்பரம் என்று எங்கும் அவர் இருக்கிறார். அதனாலேயே அவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. வீட்டு வரவேற்பறைச் சோபாவைப் போல ஆகிவிட்டார்.

உற்றுப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மூக்கு. லாட்டின் மனிதர்களுக்கு மூன்று வளைவில் ஒரு மூக்கு. நடுவில் பெரிய வளைவு, இரு பக்கமும் சின்ன வளைவுகள். பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். இந்த மூக்கு வில்லனுக்கோ கோமாளிக்கோ ஒதுக்கப்பட்டதில்லை. கம்பத்துப் பையனாக அவர் வரையும் தனக்கும் அதே மூக்குத்தான். கேலிச்சித்திரத்தின் அடிப்படையே உறுப்பைப் பெரிதாக்குவது. யாருடைய எந்த உறுப்பை என்பதில்தான் வரைபவரின் அறம் இருக்கிறது. லாட் அந்தக் கோணலைத் தன் முகத்திலிருந்தே தொடங்குகிறார்.

நான் தினமும் செய்யும் வேலை பொறியியல் வரைபடம். அதில் ஒரு துளையின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று போட்டால், கூட்டியோ குறைத்தோ எவ்வளவு விலகலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். 0.05 என்றால் 0.05. பினாங்கில் பார்ப்பவரும் ஜெர்மனியில் பார்ப்பவரும் ஒரே அர்த்தத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு அர்த்தம் வந்தால் அந்த வரைபடம் தோல்வி. கார்ட்டூன் இதற்கு நேர் எதிர். அங்கே இரண்டாவது அர்த்தம் வராவிட்டால்தான் தோல்வி.

‘கம்போங் பாய்’ புத்தகம் முழுக்க இந்த இரண்டாவது அர்த்தத்தில்தான் ஓடுகிறது. வழக்கமான காமிக்ஸ்போல் கட்டங்கள் அதில் இல்லை. பக்கத்தை நிறைத்து ஒரு படம், அதோடு லாட்டின் கையெழுத்தில் சில வரிகள். வரிகள், பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கும் பையன் எழுதிய கட்டுரையைப் போல அடக்கமாக இருக்கும். படத்தில் அதே பையன் அடக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பான். சொல்லுக்கும் படத்துக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் நாம் சிரிக்கிறோம். சொல்லை மட்டும் படித்தால் கிராமத்து நினைவுக் குறிப்பு. படத்தை மட்டும் பார்த்தால் சேட்டைக்காரப் பையன் கதை. இரண்டையும் சேர்த்தால்தான் இலக்கியம்.

இனி அந்தக் கப்பல். கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு ஈயம் தோண்டும் கப்பல் தெரியும். பத்து காஜா பக்கம் தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய ஒன்றைச் சுற்றுலாவுக்காக இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பயணத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். பல மாடிக் கட்டடம் ஒன்று குட்டையில் மிதப்பதுபோல் இருக்கும். லாட்டின் புத்தகத்தில் அது நிலத்தை மென்று துப்பும் ஒரு மிருகம். பையன்கள் அது கழித்துவிட்ட மண்ணில் திருட்டுத்தனமாக ஈயம் அரித்து எடுக்கிறார்கள். நம்ம பையனும் எடுத்துக்கொண்டு பெருமையாக அப்பாவிடம் போகிறான். பாராட்டு கிடைக்கும் என்று நினைத்தவனுக்கு அடிதான் கிடைக்கிறது. படிப்பை விட்டுவிட்டு இதற்கா போனாய் என்று. பிறகு குடும்பத்தின் ரப்பர் நிலத்தைக் காட்டுகிறார்கள். பையன் மனம் திருந்திப் படிக்கிறான். தேர்வில் தேறி, ஈப்போவில் விடுதிப் பள்ளிக்கு இடம் கிடைக்கிறது. சொல்வதற்கு வீட்டுக்கு ஓடி வருகிறான்.

அங்கே அப்பா ஈயக் கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். நிலத்தில் ஈயம் இருந்தால் கம்பெனி நல்ல விலைக்கு வாங்கும். கம்பத்து மக்களும் அதே கனவில் இருக்கிறார்கள். விற்றுவிட்டு ஈப்போவில் வீடு வாங்கலாம்.

பத்து வயதில் படித்தபோது இந்தப் பக்கங்கள் எனக்குப் பதியவே இல்லை. இப்போது அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அரித்தெடுத்த ஈயத்துக்காக அடித்த அப்பாதான் ஈயத்துக்காக நிலத்தைப் பேரம் பேசுகிறார். பையன் ஊரைவிட்டுப் போகும் வருத்தத்தோடு கதை முடிகிறது. திரும்பி வரும்போது ஊர் அப்படியே இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான். இருக்காது என்பது வாசகனுக்கு முன்பே தெரியும். இதைக் ‘கிராமத்து இனிமை’ என்று நாட்காட்டியில் போட்டு விற்றிருக்கிறோம்.

இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை. கம்பெனிக்காரனை லாட் குண்டாக வரைந்து, வாயில் சுருட்டு வைத்து, நம்மைத் தப்பிக்க விட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. தன் அப்பாவையே அந்தப் பேரத்தில் உட்கார வைக்கிறார். மூன்று வளைவு மூக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

3

‘யாருக்கும் கோவம் வராது’ என்றார் அக்கா. லாட் வரையத் தொடங்கிய காலம் எப்படிப்பட்டது என்று யோசித்தால் இதைச் சொல்ல முடியாது.

1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு தேச நிந்தனைச் சட்டம் இறுக்கப்பட்டது. 1971-இல் அரசமைப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. குடியுரிமை, தேசிய மொழி, சிறப்புச் சலுகைகள், அரசர்களின் நிலை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதே குற்றமானது. இனம் என்ற சொல்லைச் சுற்றி எல்லோரும் மெதுவாக நடந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு மலாய் இளைஞர் சீக்கியத் திருமணத்தை நாளிதழ் வாசகர்களுக்காக வரைகிறார். ‘டவுன் பாய்’ புத்தகத்தில் சீன நண்பன் பிராங்கியின் காப்பிக்கடையையும் அவன் வீட்டு ராக் அண்ட் ரோல் இசைத்தட்டுகளையும் வரைகிறார். அடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பது ஆபத்தாக இருந்த நேரத்தில் சிரிக்க ஓர் இடம் போட்டுக் கொடுத்தார். அதைச் செய்ய அவருக்கு உரிமை கொடுத்தது தன் சுன்னத்தைத் தானே முதலில் வரைந்ததுதான். தன் லுங்கியை அவிழ்த்தவனுக்கு மட்டுமே அடுத்தவன் தலைப்பாகையைத் தொட உரிமை உண்டு.

அரசியல்வாதிகளையும் அவர் விட்டுவிடவில்லை. இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் சவூதி அரேபியாவிலிருந்து திரும்புவதை ஒட்டக முதுகில் ஏற்றி வரைந்தார். அப்போது இந்நாட்டு நாளிதழில் பிரதமரை அப்படிக் கேலிச்சித்திரமாக்குவது வழக்கமில்லை. மகாதீர் ஆட்சியில் இருந்த 22 ஆண்டுகளும் அவரை வரைந்தார். பதவி விலகிய பிறகு 2004-இல் அவை ‘டாக்டர் ஹூ?!’ என்று தொகுப்பாக வந்தன.

இங்கே எனக்கு லாட்டோடு ஒரு சண்டை உண்டு. அந்தத் தொகுப்பில் மகாதீரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் அவரை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போகிறது. 1987-இல் ‘ஓப்பராசி லாலாங்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். மூன்று நாளிதழ்களின் உரிமம் பறிக்கப்பட்டது. அந்த ஆட்சியின் தலைவர், குறும்புக்கார மாமாவாக ஒரு தொகுப்பு முழுக்க நடமாடும்போது கோடு எங்கோ சமாதானம் பேசியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. கம்பத்தை வரையும்போது அப்பாவையும் விடாத பேனா, அதிகாரத்தை வரையும்போது அதை நம் வீட்டு விருந்தாளி ஆக்கிவிடுகிறது. பெரிய நாளிதழ் ஒன்றில் பல்லாண்டு நீடிப்பதற்கு அதுதான் விலை என்றால், அந்த விலையைப் பற்றி நாம் பேச வேண்டும். லாட்டை நேசிப்பவர்களுக்குத்தான் அந்தக் கடமை அதிகம்.

4

ஜூனார் என்ற சுல்கிப்ளி அன்வார் உல்ஹக் பெரிய நாளிதழின் விருந்தறையில் உட்காராதவர். 1978-இல் தொடங்கிய ‘கிலா-கிலா’ நகைச்சுவை இதழில் வரைந்து பழகியவர், பின்னாளில் இணையத்திலும் சொந்தப் பதிப்பிலும் வரைந்தார். 2010-இல் அவருடைய புத்தகங்களை உள்துறை அமைச்சு தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘கார்ட்டூன்-ஓ-போபியா’ வெளியீடு காணவிருந்த நாளில் போலீஸ் அவரைக் கைது செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் புத்தகத் தடையை ரத்து செய்தது. 2015 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அன்வாரின் சிறைத் தண்டனையை உறுதி செய்தபோது, நஜிப்பே நீதிபதியாக உட்கார்ந்திருப்பதாக ஜூனார் வரைந்தார். அதையொட்டிய டுவிட்டர் பதிவுகளுக்குத்தான் ஒன்பது குற்றச்சாட்டுகள். எல்லாவற்றிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தால் 43 ஆண்டுகள் வரை சிறை. 2018-இல் ஆட்சி மாறிய பிறகு, ஜூலை இறுதியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

ஒரு கோடுக்கு 43 வருடம். என்னுடைய கோடு உபகாரச் சம்பளத்தைப் பற்றிய ஒரு கேள்விக்கே சுருண்டுகொண்டது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ஜூனாரை ‘கொஞ்சம் முரட்டு ஆள்’ என்று ஒதுக்க எனக்கு உரிமையில்லை.

அவரிடம் எனக்குப் பிடித்தது அவர் தேர்ந்தெடுக்கும் பொருள்கள். அவர் படங்களில் பிரதமரின் மனைவி கையில் பெரிய வைர மோதிரம் ஒன்று திரும்பத் திரும்ப வரும். பக்கம் பக்கமாக எழுத வேண்டிய ஒரு சந்தேகத்தை அந்த ஒரு மோதிரம் சுமந்துகொண்டு நடந்தது. 2018 மே மாதம் நஜிப்போடு தொடர்புடைய இடங்களில் போலீஸ் சோதனையிட்டுக் கைப்பைகளையும் நகைகளையும் பெட்டி பெட்டியாக ஏற்றிச் சென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நம்மில் பலருக்கு அது ஏற்கெனவே பார்த்த படம்போல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதே படங்களில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் முடி, உடல் பருமன். மோதிரம் ஒரு கேள்வி. பருமன் வெறும் கிண்டல். உடம்பைப் பார்த்துச் சிரித்தவன் மோதிரத்தை மறந்துவிடுவான். கோபம் எங்கே கேள்வியாகிறது, எங்கே தெருமுனைக் கேலியாகிறது என்ற எல்லை ஜூனாரிடம் சில சமயம் அழிந்துபோகிறது. தவிர, அவர் கார்ட்டூனைப் பார்த்தவுடன் யார் திருடன், யார் உத்தமன் என்று தெரிந்துவிடுகிறது. ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர் தலையாட்டுவார், ஒத்துக்கொள்ளாதவர் பக்கத்தைத் திருப்புவார். அவசரக் காலத்தில் அதற்கும் தேவை இருக்கிறது. தீப்பிடித்த வீட்டில் இரண்டாவது அர்த்தம் தேட முடியாதுதான். தீ அணைந்த பிறகும் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்போமா என்பதே என் கேள்வி.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எது நல்ல கார்ட்டூன் என்று நானும் நீங்களும் சண்டை போடலாம், போட வேண்டும். அந்தச் சண்டையை நீதிமன்றத்திடம் விட முடியாது. கிராபிக் கலைஞர் பாஹ்மி ரேசா, நஜிப்பின் முகத்துக்குக் கோமாளி வேடம் போட்டதற்காக 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 வெள்ளி அபராதமும் விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. வெள்ளைப் பூச்சு, சிவப்பு வாய், வளைந்த புருவம். கலையாகப் பார்த்தால் எளிமையான வேலை. அதைப் பார்த்து ஓர் அரசு பயந்தபோது அந்தப் பயம்தான் அந்தப் படத்துக்கு இரண்டாவது அர்த்தத்தைக் கொடுத்தது.

சிங்கப்பூரில் இந்தப் பயம் வேறு வகையில் வெளிப்பட்டது. சிரம்பானில் பிறந்த சோனி லியூவின் ‘த ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹொக் சாய்’ 2015-இல் வெளிவந்தபோது, தேசியக் கலை மன்றம் தான் வழங்கிய 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. கைது, வழக்கு எதுவும் கிடையாது. ஒரு காசோலை திரும்பிப் போனது, அவ்வளவுதான். புத்தகம் விற்றுத் தீர்ந்தது. மறுஆண்டு சிங்கப்பூர் இலக்கியப் பரிசும், 2017-இல் மூன்று ஐஸ்னர் விருதுகளும் அதற்குக் கிடைத்தன. கற்பனையான ஒரு கார்ட்டூனிஸ்டின் வாழ்க்கையைச் சொல்லி, அவர் வரைந்த பழைய காமிக்ஸ் என்ற பெயரில் ஒரு நாட்டின் அரசியல் வரலாற்றையே திரும்ப வரைந்த புத்தகம் அது. அதிலும் மையத்தில் இருப்பவர் வரைபவர்தான். பணமில்லாத, பெயரில்லாத, வயதாகிப்போன ஒரு கார்ட்டூனிஸ்ட். லாட்டின் மூக்கு அங்கே வேறொரு முகத்தில் இருப்பதாகத்தான் நான் பார்க்கிறேன்.

5

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன்.

‘கம்போங் பாய்’ கதையில் பையனுக்கு ரப்பர் நிலத்தைக் காட்டும் இடத்தை என் தாத்தாவோடு சேர்த்துப் படிக்காமல் இருக்க முடியவில்லை. அதே கிந்தாவில் அதே காலத்தில் என் தாத்தாவும் பால் மரத்துக்கு நடுவில்தான் இருந்தார். விடியற்காலை பெரட்டுக்கு நின்று, கங்காணி பெயர் கூப்பிட்டதும் வெட்டுக்குப் போனவர். அவர் தன் மகனிடம் காட்டிய மரமும் ரப்பர் மரம்தான். சொன்ன சொல் மட்டும் வேறு: “இதுல ஒண்ணுகூட நம்மளுது இல்ல. போய்ப் படி.” லாட்டின் பையன் சொந்தமாக வரப்போகும் நிலத்தைப் பார்த்துப் படித்தான். என் அப்பா சொந்தமாக ஆகவே ஆகாத நிலத்தைப் பார்த்துப் படித்தார். இரண்டு பையன்களுக்கும் நடுவில் சில மைல் தூரம்தான். ஒருவனை வரைந்துவிட்டார்கள்.

லயத்து வீட்டு வரிசை, ஆயாக் கொட்டகை, கிராணியின் சைக்கிள், சம்பள நாள் கள்ளுக்கடை, தோட்டக் கோவில் திருவிழாவுக்கு வரும் படம் காட்டுகிறவர். இவை பற்றி மலேசியத் தமிழில் நாவல்களும் சிறுகதைகளும் நிறைய உண்டு. பெரும்பாலும் கண்ணீரோடு எழுதப்பட்டவை. அந்தக் கண்ணீருக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் என் பாட்டி தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது பாதி நேரம் சிரிப்பார். துரை வருகிறார் என்று கேள்விப்பட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிந்த கங்காணியை அவர் நடித்துக் காட்டினால் வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்பு நம் இலக்கியத்துக்குள் சரியாக வரவில்லை. கோடாக வந்து நான் பார்த்ததேயில்லை.

தமிழில் கார்ட்டூன் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஈப்போ கடைகளில் தொங்கிய ‘ஆனந்த விகடன்’தான். மதன் ஜோக்குகளைப் பார்த்துத்தான் நான் கோடு பழகினேன். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாரதி தன் ‘இந்தியா’ இதழில் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டவர். 1987-இல் எம்.எல்.ஏ.க்களைப் பற்றிய ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பி, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் விடுவித்தது. பெருமைப்பட வேண்டிய மரபுதான். ஆனால் அந்த எம்.எல்.ஏ.க்கள் என்னை ஆளவில்லை. என் தண்ணீர்க் குழாயை மூடியவர்களும் இல்லை. சிரிப்பைக்கூட இறக்குமதி செய்து பழகிவிட்டோம் என்று சில சமயம் தோன்றும்.

நம் இலக்கியக் கூட்டங்களில் சித்திரத்துக்கு இருக்கும் இடம் சிறுகதைக்குப் பக்கத்தில் ஒரு மூலை. கதை எழுதியவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ‘ஓவியம்: இணையம்’ என்று கீழே இருக்கும். கார்ட்டூன் வரைகிறேன் என்று சொன்னால், “சின்னப் பிள்ளைங்களுக்கா தம்பி?” என்று ஓர் எழுத்தாளர் கேட்டார். அன்போடுதான் கேட்டார்.

இதற்கு வெளியே ஒரு தயக்கமும் இருக்கிறது. சிறுபான்மையினருக்குக் கேலிச்சித்திரம் என்றாலே உடம்பு கூசும். நம் நிறம், நம் ஆங்கில உச்சரிப்பு, தலையாட்டும் விதம் எல்லாவற்றையும் மற்றவர்கள் மேடையில் நடித்துச் சிரித்ததைப் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அதனால் நம்மை நாமே கோணலாக வரைந்தால், ‘அவனுங்க சிரிக்கிறது பத்தாதா?’ என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். என்னிடம் இருக்கும் பதில் லாட்டிடமிருந்து எடுத்தது. வெளியே இருப்பவன் என்னை வரையும்போது மூக்கு என்னுடையது, முகம் அவன் முன்பே முடிவு செய்தது. நானே வரையும்போது அந்த மூக்குக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பேரம் பேசிய அப்பாவை வெளியிலிருந்து வந்த ஒருவர் வரைந்திருந்தால் அது அவமதிப்பு. மகன் வரைந்ததால் அது துக்கம். சிரிப்பு கலந்த துக்கம்.

நம்மைப் பற்றி நாம் வரைய வேண்டியது நிறைய இருக்கிறது. பழம்பெருமை பேசும் மேடை, மாலைக்கு நடக்கும் அடிதடி, நம் பெயரில் வந்த மானியம் போன வழி, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பாமல் தமிழ்ப்பள்ளியைக் காக்கச் சொல்லும் நாம். இவற்றைக் கட்டுரையாக எழுதினால் இரண்டு நாள் சண்டை நடக்கும். ஒரு நல்ல கோட்டில் வரைந்தால் மாட்டிக்கொண்டவரும் முதலில் சிரித்துவிடுவார். சிரித்த பிறகு வரும் கோபத்தில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருக்கும்.

6

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது பழைய கார்ட்டூனைத் தேடினேன். கிடைக்கவில்லை. அன்றைக்குப் பிரித்து எடுத்து எங்கே போட்டேன் என்றே நினைவில்லை. அதனால் திரும்ப வரைந்தேன்.

வளைவு, குழாய், டை, கண்ணாடி எல்லாம் கை தானாகப் போட்டுவிட்டது. வாளி வரிசைக்கு வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. பழைய படத்தில் அந்த வரிசையில் நின்றவர்களுக்கு முகமே இல்லை. வெறும் தலைகள், வெறும் வாளிகள். நான் முகம் கொடுத்தது ஓர் ஆளுக்கு மட்டும், அதுவும் ஒரு கண்ணாடியை வைத்து. மூன்று வாரம் தண்ணீர் வராமல் இருந்தபோது நாங்கள் என்ன செய்தோம்? ஒருவரும் எழுதிப் புகார் கொடுக்கவில்லை. பக்கத்து விடுதிக்குப் போய்க் குளித்தோம். வளைவு கட்ட ஆள் வேண்டும் என்றபோது தமிழ்க் கழகத்திலிருந்தே பத்துப் பேர் போனோம். சாப்பாடு போட்டார்கள். நானும் போனேன்.

இம்முறை அதையும் வரைந்தேன். வளைவின் மேல் ஏறி நின்று, அந்தக் குழாய்க்கு டை கட்டிவிடுகிறான் ஒரு பையன். பரட்டைத் தலை. பின் பாக்கெட்டில் பேனா. மூக்கில் மூன்று வளைவு.

இப்படி வரைந்தால் அந்த அலுவலகத்தில் விட்டிருப்பார்களா? மாட்டார்கள். அன்றைக்கும் கூப்பிட்டிருப்பார்கள், அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். லாட் மாதிரி வரைந்தால் பாதுகாப்பு என்று அக்கா சொன்னது அதனால்தான் சரியில்லை. ஆனால் இந்தப் படத்தை ஐந்து நிமிடத்தில் பிரித்து எடுத்திருப்பேனா என்பது எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அதில் இருக்கிறதே.

படத்தைப் புகைப்படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இப்போது அவர் ஒரு பள்ளியில் ஆசிரியை. இரவு பதில் வந்தது.

“மூக்கை மட்டும் லாட்கிட்ட இருந்து திருடியிருக்க. சரி, அந்த வளைவு கட்டுனப்ப நானும்தானே கூட இருந்தேன். என்னை ஏன் போடல?”

அடுத்த படத்தில் போட வேண்டும்.